பொலிஸ் நிலையத்துக்குப் பலகை கொடுத்த எங்கள் சிஸ்ரருக்கு

இணுவில் மண் ஈந்த இன்முகத் தாயே, எரியும் புண்ணுக்கும் இதமான சொல் தடவிய எங்கள் சகோதரியே, கண்டிப்பிலே கனிவையும் கனிவிலே கண்டிப்பையும் கலந்து எங்களை வளர்த்தெடுத்த விபத்துப் பிரிவின் விளக்கே, முப்பத்தாறு ஆண்டுகள் வெண்சீருடையின் மாண்பு குன்றாமல் பணிசெய்து இன்று விடைபெறும் தாதிய சகோதரி திருமதி ஞானாம்பிகை இராசநாயகம் அவர்களே, வணக்கம்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் வாசித்ததற்கே, "காணும் பிள்ளை, விசயத்துக்கு வா" என்று முன்வரிசையில் இருந்தபடி கண்ணைக் காட்டுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். வருகிறோம். ஆனாலும் இந்த மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கப்போவது. நாலு பேர் நின்று வாசிக்கப்போவது. ஆகையால் அழகாகவும் கொஞ்சம் எழுதத்தான் வேண்டும்.

குண்டுச் சத்தத்துக்கு நடுவே பிரசவம் பார்த்தீர்கள். இடம்பெயர்ந்த காலத்தில் பாடசாலைக் கட்டடங்களில் பாய் விரித்துக் காயம் கட்டினீர்கள். வைத்திய நிபுணர் முதல் வாயிற்காவலர் வரை அனைவரையும் 'தம்பி', 'பிள்ளை' என்ற இரண்டே சொற்களுக்குள் அடக்கி ஆண்டீர்கள். நோயாளிக்குத் துணையாக வந்து பசியோடு நிற்கும் உறவினரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பீர்கள்; உங்கள் இடியப்பப் பெட்டி அவரிடம் போய்விடும்; பிறகு எங்கள் பெட்டிகளில் கைவைப்பீர்கள். இவையெல்லாம் இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அரைகுறையாகத் தெரிந்து, ஆளுக்கொரு விதமாகக் கதைக்கப்பட்ட செயல் ஒன்று உண்டு. அதை நடந்தபடி எழுதிவைக்க விரும்புகிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மழை விட்ட ஒரு மத்தியானம், இரண்டு இளம் பொலிசார் தங்கள் ஜீப்பில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். குருநகரைச் சேர்ந்த றஜிந்தன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். மோட்டார் சைக்கிள் வழுக்கி விழுந்திருந்தார். அம்புலன்ஸ் வேறோர் இடத்துக்குப் போயிருந்ததால், கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, ஜீப்பின் பின்னே மடக்கிக் கிடத்தி, ஓடோடி வந்திருந்தார்கள். றஜிந்தன் தெளிவாகக் கதைத்தார்.

"றோட்டிலை கிடக்கேக்கை கால் ஆடினது, சிஸ்ரர். இப்ப இருக்கிற மாதிரியே தெரியேல்லை."

வாசலில் நின்ற கொன்ஸ்டபிளுக்குத் தமிழ் அரைவாசிதான் விளங்கும். அந்த வசனம் முழுதாக விளங்கிவிட்டது. றஜிந்தனின் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நாங்க பிழை செஞ்சதா, அம்மா?" என்று கேட்டார்.

நீங்கள் அவரை ஏசவில்லை. "கெதியாக் கொண்டந்தனீங்கள், தம்பி. அது சரி" என்று மட்டும் சொன்னீர்கள். அன்று உங்கள் சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படவே இல்லை.

றஜிந்தனின் முள்ளந்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. விழுந்ததால் அப்படியானதா, தூக்கியதால் அப்படியானதா என்று எந்த வைத்தியராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அந்தத் தெரியாமைதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்தது. முள்ளந்தண்டு அசையாமல் ஆளைக் கிடத்தித் தூக்குவதற்கென்று வார்கள் பூட்டிய நீண்ட பலகை இருக்கிறது; கழுத்தைப் பிடித்து நிறுத்தும் பட்டி இருக்கிறது. எங்கள் பிரிவிலே இருக்கின்றன. ஆனால் எங்களிடம் வந்து சேர்வதற்கு முன்னரேதான் பலருக்குக் கதை முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் கொழும்பிலிருந்து இரண்டு பலகைகளையும் அவற்றுக்கான பட்டிகளையும் உங்கள் சொந்தக் காசில் வரவழைத்தீர்கள். எங்கே கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டபோது, "பொலிஸ் நிலையத்துக்கு" என்றீர்கள். தாதியர் அறையில் ஒருவரும் கதைக்கவில்லை.

ஏன் கதைக்கவில்லை என்பதை இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் உங்கள் விடயத்தில் அது இன்னும் கூடுதலாகக் கனத்தது. இளமையிலே, சீருடையினர் நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்ட உங்கள் அண்ணை திரும்பி வரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பொலிஸ் நிலையம் நிலையமாகப் போய், வாங்குகளில் அமர்ந்து காத்திருந்து, நாளைக்கு வரச்சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர் நீங்கள்.

எங்கள் சிற்றூழியர் அடைக்கலநாதன் அண்ணைதான் முதலில் வாயைத் திறந்தார். "சிஸ்ரர், குறை நினையாதேங்கோ. குடுக்கிறதுக்கு வேறை ஒருத்தரும் கிடைக்கேல்லையோ? கோயிலுக்குக் குடுங்கோ, பள்ளிக்கூடத்துக்குக் குடுங்கோ. அவங்களுக்கோ?"

"றோட்டிலை விழுந்து கிடக்கிற ஆளுக்குத்தான் குடுக்கிறன், அடைக்கலம். அந்த ஆளுக்குப் பக்கத்திலை முதல் போய் நிக்கிறது அவங்கள். நான் என்ன செய்ய?"

அடைக்கலநாதன் அண்ணை திருப்தியடையவில்லை. உங்கள் அக்கா மீனாம்பிகை அம்மா அதைவிடக் கடுமையானவர். "அவன்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு இதைச் சொல்லு பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனவர், ஒரே ஒழுங்கையில் குடியிருந்தும் உங்கள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. கந்தசுவாமி கோவில் தேரன்றுகூட நீங்கள் நின்ற பக்கத்துக்கு அவர் வரவில்லை. வேலைக்கு வந்து வழமைபோல் எங்களை ஏசினீர்கள், சிரித்தீர்கள். வீட்டில் நீங்கள் பட்ட பாட்டை உங்கள் கணவர் இராசநாயகம் ஐயா பின்னர் சொல்லித்தான் அறிந்தோம்.

உங்கள் ஓய்வு நாளொன்றில் பலகைகளை ஐயாவின் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டீர்கள். வெங்காயம் ஏற்றும் பெட்டியில், சாக்கு விரித்து, இரண்டு செம்மஞ்சள் நிறப் பலகைகள். இம்மடலை எழுதி வாசிக்கும் தயாளினி ஆகிய நானும் உங்களோடு வந்தேன். நிலையத்தின் வாசலில் நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

"கொஞ்சம் பொறு, பிள்ளை. கால் எழும்புதில்லை."

வெயிலிலே நின்றோம். ஐயா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உங்கள் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு நீங்களே சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நடந்தீர்கள்.

பொறுப்பதிகாரி தென்னிலங்கையைச் சேர்ந்தவர். சேவைக்கு வந்தபின் தமிழ் படித்தவர். "அம்மா, என்ன முறைப்பாடு?" என்றார்.

"முறைப்பாடில்லை. கொஞ்சச் சாமான் தர வந்தனான்."

"எந்த நிறுவனம்?"

"நிறுவனமில்லை. நான்தான்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "உங்கட ஆக்கள் யாருக்கும் இங்க வழக்கு இருக்கா?"

"இல்லை. உங்களிட்டை எனக்கு ஒண்டும் வேண்டாம். ஒரு அரைநாள் மட்டும் வேணும். உங்கடை பெடியளுக்கு இதிலை ஆளைத் தூக்கப் பழக்கவேணும்."

தனியாள் தரும் பொருளை மேலிடத்து அனுமதியில்லாமல் எடுக்க முடியாது என்றார். அது நியாயம்தான். பலகைகள் மறுபடியும் லான்ட்மாஸ்ரரில் ஏறி இணுவிலுக்குத் திரும்பின. அனுமதி வர மாதங்கள் ஆகின. ஊரிலே சிலர் சிரித்தார்கள்: "பொலிசே வேண்டாமெண்டு திருப்பி விட்டிட்டுதாம்." அதையும் கேட்டுக்கொண்டு வெங்காயக் கொட்டிலில் பலகைகளைத் தூசி படாமல் மூடிவைத்தீர்கள்.

அனுமதி கிடைத்ததும் பொறுப்பதிகாரி உற்சாகமாகிவிட்டார். மாலை, மேடை, படப்பிடிப்பு, பலகையில் பெரிய எழுத்தில் உங்கள் பெயர் என்றார். மாலையும் மேடையும் வேண்டாம் என்றீர்கள். "பேர் எழுதிற இடத்திலை, எப்பிடித் தூக்கிறதெண்டு எழுதுவம். இரண்டு பாஷையிலையும்."

எழுதுவதற்கு நீங்கள் தெரிவுசெய்தவர் றஜிந்தன். சக்கர நாற்காலிக்கு வந்தபின் தூரிகையைத் தொடாமல் இருந்தவர். அவரிடம் முதலில் நீங்கள் தனியாகப் போய்க் கேட்டீர்கள். அவர் இரண்டு நாள் யோசித்துத்தான் ஓம் என்றார். பலகைகளைக் குருநகருக்குக் கொண்டுபோனவர், அன்று செருப்போடு நின்ற அதே கொன்ஸ்டபிள். முற்றத்துக்குள் வந்து, நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றார். றஜிந்தன் சக்கர நாற்காலியைத் திருப்பி, நிழல் விழுந்த பக்கத்தைக் காட்டினார்.

"உதிலை வையுங்கோ. வெய்யிலுக்கை வைச்சால் பெயின்ற் வெடிக்கும்."

அவ்வளவுதான் கதை. ஆனால் கொன்ஸ்டபிள் உடனே திரும்பிவிடவில்லை. சிங்கள எழுத்துகளில் பிழை வராமல் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார். றஜிந்தனின் அம்மா இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்.

பழக்கிய அந்த அரைநாளை நாங்கள் எந்நாளும் மறக்கமாட்டோம். நிலைய முற்றத்து வேப்பமரத்தின் கீழ் பொலிசார் வரிசையாக நின்று தங்களுக்குள் சிரித்தார்கள். காயப்பட்டவராக யார் கிடப்பது என்று எல்லோரும் ஆளையாள் பார்த்தபோது, சேலையை ஒதுக்கிக்கொண்டு நீங்களே நிலத்தில் படுத்தீர்கள். சிரிப்பு நின்றது.

"தலையைப் பிடிக்கிறவர்தான் எண்ணவேணும். அவர் எண்ணாமல் ஒருத்தரும் தூக்கப்படாது."

"எக்க, தெக்க, துன" என்று சிங்களத்தில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டு தூக்கினார்கள். அந்த வாசலில் கால் எழும்பாமல் நின்ற நீங்கள், அந்தச் சீருடைகளின் கைகளில் கண்ணை மூடிக் கிடந்தீர்கள். நீங்கள் கண்ணைத் திறந்து, "தலை சரிஞ்சிட்டுது. திருப்பி" என்றீர்கள். மறுபடியும் தூக்கினார்கள். "உது மூட்டை தூக்கிற மாதிரி. திருப்பி." பலகையைச் சுமந்துதர மட்டும் வந்த அடைக்கலநாதன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் ஒருவரின் கையைப் பிடித்து, "இப்பிடியில்லையடாப்பா, தோளுக்குக் கீழை விடு" என்றார். அதன்பிறகு அவரை அந்த முற்றத்திலிருந்து கூட்டிவருவதுதான் எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

கடந்த மார்கழியில், காங்கேசன்துறை வீதியில் ஓட்டோ ஒன்று பஸ்ஸோடு மோதியது. மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பிய உங்கள் ஒழுங்கை இரத்தினம்மா அதில் இருந்தார். ஜீப் வந்து நின்றபோது நாங்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். செம்மஞ்சள் பலகையில், கழுத்துப்பட்டியோடு, வார்கள் பூட்டியபடி, நேராக அவர் கிடந்தார். தலையை இரு கைகளாலும் பிடித்திருந்தவர் அந்தக் கொன்ஸ்டபிள்தான். வைத்தியர் "காணும், விடுங்கோ" என்று சொன்ன பிறகும், உங்கள் முகத்தைப் பார்த்து நீங்கள் தலையசைத்த பின்னரே கையை எடுத்தார்.

கழுத்தெலும்பு முறிந்திருந்தது. வழியிலே கொஞ்சம் அசைந்திருந்தாலும் நிலைமை வேறு என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். இன்று இரத்தினம்மா தன் காலால் நடந்து இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறார், பின்வரிசையில் இருக்கிறார்.

அவர் எங்கள் வைத்தியசாலை விடுதியில் இருந்த நாட்களில் ஒரு காலை, மீனாம்பிகை அம்மா பார்க்க வந்தார். பலகையின் கதையை இரத்தினம்மாவே சொன்னாராம். மீனாம்பிகை அம்மா கொண்டுவந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றை நோயாளியின் தலைமாட்டில் வைத்தார். மற்றதை எடுத்துவந்து உங்கள் மேசையில் வைத்தார்.

"சாப்பிடு. ஆறப்போகுது."

நீங்கள் சாப்பிட்டீர்கள். கண்ணீர் விழ விழச் சாப்பிட்டதைப் பார்க்காததுபோல் நாங்கள் எல்லோரும் மருந்துத் தட்டுகளை அடுக்கினோம்.

அன்புக்குரிய சிஸ்ரர், பாராட்டு மடல்களில் எல்லாம் இனிதே முடிந்ததாக எழுதுவது வழக்கம். எங்களால் அப்படி எழுத முடியாது. றஜிந்தனுக்குக் கால்கள் திரும்பவில்லை. உங்கள் அண்ணையைப் பற்றி எந்த வாசலிலிருந்தும் இன்னும் ஒரு பதிலும் வரவில்லை. அதை இந்த மடலில் எழுதலாமோ என்று உங்களைத் தனியே கேட்டோம். "எழுது, பிள்ளை. எழுதாட்டி, பலகை குடுத்து அவரை நான் மறந்திட்டன் எண்டு ஆயிடும். நான் மறக்கேல்லை. கேக்கிறதை விடப்போறதுமில்லை" என்றீர்கள். எழுதியிருக்கிறோம். கொடுத்த கையோடு கேட்கும் வாயையும் மூடாத உங்கள் நெஞ்சுரத்தை வணங்குகிறோம்.

நாளை விடியற்காலை உங்கள் ஸ்கூட்டி இந்த வளாகத்துக்குள் வராது. புதிதாக வரும் தாதியருக்கு உங்களைப்போல் ஏச எங்களில் ஒருவருக்கும் வராது. ஆனாலும் பழகுவோம். நல்லூரான் அருளும் மாதா துணையும் உங்கள் வீட்டு வாசலில் நிற்கட்டும். நோயற்ற உடலும், நோவற்ற நித்திரையும், ஐயாவின் துணையும், அக்காவின் கைச்சமையலும் நெடுங்காலம் உங்களுக்கு வாய்க்கட்டும்.

பரிசு ஒன்றும் வாங்கக்கூடாது என்று உத்தரவிட்டிருந்தீர்கள். முப்பத்தாறு ஆண்டுகளில் முதன்முறையாக, எல்லோரும் சேர்ந்து உங்கள் சொல்லை மீறியிருக்கிறோம். மேடையின் ஓரத்தில் துணியால் மூடியிருப்பது ஒரு சாய்மனைக் கதிரை. வேலை நேரத்தில் நீங்கள் ஒரு கதிரையில் இருந்து நாங்கள் கண்டதில்லை. இப்போது எழும்பி மேடைக்கு வாருங்கள், சிஸ்ரர்; நாங்கள் எல்லோரும் நிற்கிறோம், நீங்கள் இருங்கள்.

உங்கள் குரலுக்குப் பழகிப்போன,
விபத்துப் பிரிவு வைத்தியர்கள், தாதியர், சிற்றூழியர்.