பெடியள் என்ற சொல்

— “வானொலி கேட்கும் பிரிவு” எண்டு எழுதிப்போட்டு ஏன் ஹுனைஸ் நானா பேனையை வைச்சிட்டீங்கள்?

— போதும் நிசாந்தி. அவ்வளவுதான் என்ட சேவ.

— இருபத்திரெண்டு வருஷம் விமானப்படையில இருந்த மனுசனுக்கு மூண்டு வரியோ? பழைய படையாக்களின்ர சங்கம் புத்தகம் போடுது, ஆளுக்கு ஒரு பக்கம், நாளைக்கு முந்தல் ஊருக்குக் கொண்டுபோய்க் குடுக்க வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்.

— மத்தவங்க பிளேன் ஓட்டினாங்க, எஞ்சின் திருத்தினாங்க. நான் ஒரு கதிரையில இரிந்து கேட்டேன். அதுல என்னத்த எழுத?

— கேட்டதை எழுதுங்கோ. இந்த மழை விட முதல் முடியுங்கோ. அங்க பாருங்கோ, பெடியள் எல்லாம் பம்பு அறைக்குள்ள நிக்கிறாங்கள்.

— இப்ப யாரச் சொன்னீங்க?

— ஆரை? இறால் பிடிக்கிற ஆக்களைத்தான். இந்தப் பண்ணையில நீங்கள் காவல், நான் சமையல், அவங்கள் வலை. வேற ஆர் இருக்கினம்? ஏன் முகம் ஒரு மாதிரிப் போட்டுது?

— உங்கட வன்னியில அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?

— பெடியள் எண்டா ஆம்பிளைப் பிள்ளையள். சண்டைக் காலத்தில இயக்கத்தையும் அப்பிடித்தான் சொல்லுறது. புலியள் எண்டு வாயால சொல்ல மாட்டம். பெடியள் வந்தவங்கள், பெடியள் கேட்டவங்கள் எண்டுதான் கதை.

— அப்ப ரெண்டும்.

— ரெண்டும்தான். கதைக்கிற விதத்தில விளங்கும், எதைச் சொல்லுறாங்கள் எண்டு. ஏன் கேக்கிறீங்கள்?

— அந்தச் சொல்லு ஒரு நாள் என்ட காதுல வந்திச்சி. வயர்லஸ்ல. வன்னியில பேசுறதக் கேட்டு, சிங்களத்துல எழுதி மேல குடுக்கிறதுதான் என்ட வேல. அண்டைக்கு அந்த அறையில தமிழ் தெரிஞ்ச ஆள் நான் மட்டும்தான். ஒரு வயசான குரல். பெடியள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ள நிக்கிறாங்கள் என்டு சொல்லிச்சி.

— நீங்கள் என்னெண்டு எழுதினீங்கள்?

— புலிகள் பள்ளிக்கூடத்துக்குள்ள என்டு எழுதினேன்.

— நானா.

— பத்து நிமிஷத்துல தாள் மேல போயிட்டு. பகலைக்கு ரெண்டு பிளேன் எழும்பின சத்தம் கேட்டிச்சி. நான் சோத்துக்கு முன்னால இரிந்தேன்.

— எந்தப் பள்ளிக்கூடம்?

— ஊர்ப்பேரு எங்களுக்கு வாறதில்ல. நம்பர்தான். என்ன நடந்திச்சி என்டு யாரும் சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. அந்த வருஷம் ஒரு பதக்கம் தந்தாங்க. அத என்ட மகள் றுஷ்னா கண்ணாடி அலுமாரியில வெச்சிரிக்கா.

— என்ர கடைசித் தம்பிக்குப் பதினொரு வயசு. சண்டைக்குள்ள ஓடேக்க எங்களை விட்டுப் பிரிஞ்சவன். எந்த இடத்தில செத்தவன் எண்டு இண்டைக்கும் தெரியாது.

— உங்கட தம்பிட கத தெரியும். நீங்க வேலைக்கு வந்த முதல் கிழமையே என்ட மனுசி ஷிம்லாவுக்கிட்ட சொன்னீங்க, எனக்குக் கேட்டிச்சி. அதுதான் நாலு வருஷமா இந்தக் குசினிக்குள்ள கால் வெக்காம, வாசல்ல நிண்டு தேத்தண்ணி வாங்கிக் குடிச்சேன்.

— நான் நினைச்சன், உங்களுக்குத் தமிழ் ஆக்களின்ர கையால குடிக்க மனமில்லை எண்டு.

— அல்லா அறிய அப்பிடி இல்ல.

— அந்த ஆள் வேற ஒண்டும் சொல்லேல்லையோ?

— சொன்னார்.

— என்ன?

— பால்மா இருந்தாக் கொண்டு வாங்கோ என்டார்.

— பால்மாவோ? அது சின்னப் பிள்ளையளுக்குக் கரைச்சுக் குடுக்கிறதெல்லோ. இயக்கத்துக்கு ஆர் நானா பால்மா கேக்கிறது? அதையும் எழுதினீங்களோ?

— எழுதல்ல.

— ஏன்? சொல்லுங்கோ. நான் என்னெண்டு நினைக்கிறது?

— என்ன வேணுமெண்டாலும் நினைங்க.

— உங்களுக்கு விளங்கேல்லைப் போல. நீங்கள் புத்தளத்துப் பக்கம் கனமூலை ஆள். உங்கட பக்கம் பிள்ளையளைப் பெடியள் எண்டு ஆர் சொல்லுறது? விமானப்படையில படிப்பிச்சதை எழுதியிருப்பீங்கள். தெரியாமல் செய்ததுக்கு நான் உங்களை என்னத்தைப் பேச? கண்ணைத் துடையுங்கோ. என்ர தம்பியும் அந்தப் பள்ளிக்கூடத்தில இருந்தவன் எண்டில்லைத்தானே.

— மன்னிக்காதீங்க நிசாந்தி. கனமூலை என்ட மனுசிட ஊர்.

— அப்ப நீங்கள்?

— யாழ்ப்பாணம். சோனகத் தெரு. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் வெளிய போகச் சொல்லேக்க எனக்குப் பதினைஞ்சு வயசு. ரெண்டு மணித்தியாலம் தந்தவங்கள். வாப்பாவின்ர கையில இருந்து கடையைப் பூட்டின திறப்பை வாங்கினவங்கள். அவர் அதுக்குப் பிறகு ஒருத்தரோடயும் வடிவாக் கதைக்கேல்ல. புத்தளத்து முகாமிலதான் மவுத்தானவர்.

— நானா, நீங்கள் இப்ப எங்கட தமிழெல்லோ கதைக்கிறீங்கள்.

— ஓம். இதுதான் என்ர தமிழ். அண்டைக்கு அந்தக் கிழவன் கதைச்சதில எனக்கு ஒரு சொல்லும் விளங்காமல் போகேல்ல, நிசாந்தி. என்ர உம்மா எங்களைப் பெடியள் எண்டுதான் கூப்பிடுறவ.