சித்தப்பாவுக்குப் பாடம்

— கத்தரி போச்சு, வெண்டை போச்சு, இப்ப பூசணியும் போச்சு அம்மாடி. இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டுக்கிட்டு நிக்குது. மண்ணை அள்ளுனா மேல வெள்ளையா பூத்திருக்கு.

— வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் சித்தப்பா. உப்புத் தண்ணியை விடாம ஊத்துறீங்கல்ல?

— நத்தை போகணும்னா உப்புக் கரைச்சு ஊத்தச் சொன்னே. மூட்டை மூட்டையா வாங்கி ஊத்துறேன். மீன் காயப்போடுறீங்களான்னு கடைக்காரன் கேக்குறான்.

— நத்தை போச்சா?

— போச்சு. கூடவே மண்புழுவும் போச்சு.

— அப்ப மருந்து நல்லா வேலை செய்யுது.

— சிரிக்காத அம்மாடி. இந்த வயசுல பஸ் ஏறி உன் நர்சரிக்கு வந்து பாடம் கேட்டுட்டுப் போறேன். நீ சொன்னதுல ஒண்ணைத் தட்டினேனா? மழைக்கு முன்னாடி பச்சைச் சாணியை அப்படியே வேருல போடுன்னே. போட்டேன், நாத்து வெந்துபோச்சு. பனிக்காலத்துல தண்ணியே காட்டாதேன்னே. வெயில்ல முட்டைக்கோஸ் போட்டு, உச்சி வேளையில தண்ணி ஊத்துன்னே.

— ஊத்துனீங்களா?

— தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஊத்துனேன். பக்கத்துத் தோட்டக்காரன் வேலியில சாய்ஞ்சுக்கிட்டு, ‘யாருய்யா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?’ன்னு சிரிக்கிறான். என் அண்ணன் மக, அவ கை பட்டா பட்டுப்போன கட்டையும் துளிர்க்கும், நீ உன் வேலையைப் பாருடான்னுட்டேன்.

— அவன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

— அவன் கிடக்கான். நீ என்ன செய்வே? என் கைதான் ராசியில்லாத கை.

— என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.

— என் கையில ராசி இல்லன்னேன். ஏன் அப்படிப் பாக்குறே?

— அந்த வார்த்தை உங்க வாயிலேர்ந்து வரணும்னுதான் இவ்வளவு நாளா காத்துக்கிட்டிருந்தேன். உங்க கை நல்ல கைதான். நான் சொன்னது அத்தனையும்தான் தப்பு.

— விளையாடாத.

— இந்த வரிசையைப் பாருங்க. கத்தரி என் இடுப்பு உயரம் நிக்குது. சாணியை மாசக்கணக்குல மக்க வச்சுட்டுத்தான் போட்டேன். தண்ணி விடியக்காலையில விடுவேன். நத்தையைக் கையால பொறுக்குவேன். உப்பை என் வேலிக்குள்ள விட்டதே இல்ல.

— அப்ப எனக்கு மட்டும் ஏன்மா?

— ஏனா? எனக்கு அப்ப ஒன்பது வயசு. மத்தியானம், ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். அப்பா உள்ள தூங்குறாரு. கொல்லையில தண்ணித் தொட்டிகிட்ட ஒரு ஆளு. கையில மஞ்சள் டின். யாருன்னு நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?

— நீ... பாத்தியா?

— பாத்தேன். சித்தப்பா தொட்டி கழுவ வந்திருக்காருன்னு நினைச்சு டாட்டா கூடக் காட்டினேன். நீ திரும்பிப் பாக்கல. சாயங்காலம் அப்பா எழுந்து வந்து வாளி வாளியா மொண்டு ஊத்துனாரு. ஒரு செடி விடாம, தன் கையாலயே. நாலு நாள்ல கொல்லையே வெளுத்துப்போச்சு.

— அண்ணன் வித்தாதானே எனக்குப் பங்கு வரும்னு...

— அந்தத் தோட்டம் இருக்கிற வரைக்கும் அவரு விக்க மாட்டாருன்னு உனக்குத் தெரியும். வித்தாரு. கிடங்கு கட்டுனாங்க. நீ பங்கை வாங்கிட்டுப் போயிட்டே. அப்பா யாரோ வீட்டு கேட்டுல வாட்ச்மேனா நின்னாரு. அந்த வீட்டுத் தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாக்கூட கையை எடுத்துக்குவாரு. ‘நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன், என் கைதான் ராசியில்லாத கை’ன்னு சொல்லிச் சொல்லியே செத்தாரு.

— நீ அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— என்னன்னு சொல்ல? அந்த டின்னு களைக்கொல்லின்னு எனக்கே இந்தத் தொழிலுக்கு வந்தப்புறம்தான் தெரியும். ஒரு கடையில அதே மஞ்சள் டின்னைப் பாத்தேன். எடுத்து மேல எழுதியிருந்ததைப் படிச்சேன். அதுக்குள்ள அப்பா போயிட்டாரு.

— அம்மாடி...

— கூப்பிடாத அப்படி. போன மழைக்கு நீ வாசல்ல வந்து, ‘தோட்ட வேலை சொல்லிக் குடு’ன்னு நின்னியே, அன்னிக்கு எனக்கு மூச்சே நின்னுபோச்சு. அப்புறம் வந்துது. சுகமா வந்துது. ஒரு மனுஷன் ஆசையா வச்சதை அவன் கையாலயே கொல்ல வைக்கணும். மழைக்கு ஒண்ணு, பனிக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணுன்னு உக்காந்து யோசிச்சேன், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி.

— உப்பு... அதையுமா தெரிஞ்சே சொன்னே?

— உப்புதான் இருக்கறதுலயே பெரிய பாடம். சாணிச் சூடு ஒரு மழைக்கு ஆறிடும். உப்பு இறங்குன மண்ணு லேசுல எழுந்திருக்காது. இனி உன் காலத்துல அங்க ஒரு கீரைத்தண்டு பாக்க மாட்டே. என்ன, அழுறியா?

— இல்ல.

— அழு. நல்லா அழு. எங்கப்பா அழுததுல பாதியாவது அழுதுட்டுப் போ.

— ஒரே ஒரு தடவை வந்து பாருன்னு எத்தனை வாட்டி கூப்பிட்டேன். நீ வரவே இல்லையே.

— அப்பா தோட்டம் போன அந்த ஊர்ல கால் வைக்க மாட்டேன்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். எதுக்கு வரணும்? நீ பிடிச்ச குத்தகை நிலத்தைச் சுத்திப் பாக்கவா?

— குத்தகை இல்ல.

— சொந்தமா வாங்கினியா? ரொம்ப நல்லது. சொந்த மண்ணு செத்தாத்தான் வலிக்கும்.

— அது என் மண்ணு இல்லம்மா.

— பின்ன யாரு மண்ணு?

— போன வருஷம் அந்தக் கிடங்கை இடிச்சாங்க. என் வீட்டை வித்து உங்கப்பன் கொல்லையைத் திரும்ப வாங்கி, உன் பேர்ல எழுதிட்டுத்தான்மா உன்கிட்ட பாடம் கேக்க வந்தேன்.