மனையில் கட்டிய கயிறு

“நம்ம மனையில எதுவும் கெடைக்கக் கூடாதுன்னு அம்மனை வேண்டிக்கினு இருக்கறேன் மச்சான்.”

எழுபதுகளில் ஒரு நாள், ஓரிக்கை ஊருக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த இரண்டு நெசவாளர்களில் குடை வைத்திருந்தவர் இப்படிச் சொன்னதும் என் காது தானாக அங்கே போய்விட்டது. இருவரும் வீடு கட்ட அடுத்தடுத்து மனை வாங்கியவர்கள். மண்ணுக்கடியில் பழைய காலத்துப் பொருள் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்க, அரசாங்கத்து ஆட்கள் வந்து ஒரு மனையில் மட்டும் முளை அடித்து, தோண்டப்போகும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்களாம்.

“ஒரு பானை கெடைச்சாலும் மனையைப் புடுங்கிக்குவாங்கபா” என்றார் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்.

“அதான் கேக்கறேன். நேத்து உன் மனையில இருந்த கயிறு இன்னிக்கு எப்படி என் மனைக்கு வந்துச்சு?”

“எனக்கு இன்னா தெரியும்? நான் கயிறைத் தொடவே இல்ல.”

“எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னானாம். கயிறை அறுத்து மறுபடி சேர்த்த எடத்துல முடிச்சே இல்ல மச்சான். சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்திருக்குது. தறியில பாவு நூலு பிணைக்கிற கை இல்லாம வேற யாரு அப்படிச் சேர்ப்பான்?”

வெற்றிலைக்காரர் சன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“அவங்க மொதல்ல கட்டினது யார் மனையில? உன் மனையிலதானே? அதை என் பக்கம் நகர்த்தினது யாரு? அது மொதல்ல இருந்த எடத்துலயே நான் திருப்பிக் கட்டினேன், அவ்ளோதான்.”

குடைக்காரர் குடையை இடுக்கிக்கொண்டு எழுந்தார். அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்தபடி மனைப் பக்கம் நடந்தார்கள்.