லாரி இல்லாத தொப்பூர் மலை

சேலத்திலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். அவர் மடியில் வேட்டியில் சுற்றிய பெரிய படம் ஒன்று இருந்தது. பஸ் தொப்பூர் கணவாயில் ஏறத் தொடங்கியதும் அக்கா வேட்டியை விலக்கிப் பார்த்தார்.

"தொப்பூருன்னு சொல்ற, ஒரு லாரியக் கூடக் காணோமேடா?"

"சின்னதுல நாம அப்பாவோட லாரிக்குள்ளதான இருந்தோம். அப்புறம் எப்படிக்கா லாரி தெரியும்?"

"அப்பாவோட வருசத் தெவசத்துக்கு அவரு மூஞ்சிய நீ வரைவேன்னு பாத்தேன்."

"மூஞ்சி வரலக்கா. ஏத்தத்துல ஸ்டேரிங்கப் புடிச்சுக்கிட்டு ஒரு பாட்டுப் பாடுவாரே, அத நெனச்சுக்கிட்டே பிரஷ்ஷை எடுத்தேன். மலைதான் வந்துச்சு. வளைவு, பாறை எல்லாம் நான் அன்னிக்குப் பாத்த மாதிரியே இருக்கு."

"நீ எங்க பாத்த? அவரு பாட ஆரம்பிச்சதுமே என் மடியில தூங்கிருவ. தருமபுரி வந்துதான் எழுப்புவேன்."

தம்பி படத்தை அக்காவிடம் நீட்டினார்.

"அப்ப இது தப்பாக்கா?"

அக்கா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வெளியே மலை போய்க்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

"பாட்டு முடியறப்ப, நீ வரஞ்ச மாதிரியே இந்தப் பாறை மேலதான் வெயில் வுழும். நான் உனக்குச் சொன்னதே இல்லையே."

பிறகு வேட்டியைப் பழையபடி சுற்றினார்.

"வூட்டுல அம்மா கேட்டா, நீ முழிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்னு சொல்லிக்கலாம்."