பென்ட்லிக்கு ஆயுத பூசை

எலுமிச்சம்பழத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழச் சாதம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இன்ஸ்பெக்டர் ஐயா. பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு, ஏதோ ஆத்திரத்தில் செய்தவன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது.

என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானாகத்தான் வந்தேன். துக்க வீட்டுக்காரன் என்று உங்கள் ஏட்டு ஏசுவடியான் பெஞ்சில் உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார். மரியாதை தெரிந்த மனிதர். வந்த காரியம் சின்னது. என் மைத்துனர் தில்லைநாயகம் செண்பகாதேவி அருவியில் போனாரே, அந்த ரிப்போர்ட்டில் ஒரு சொல் தவறாக விழுந்திருக்கிறது. அதை அடித்துத் திருத்த வேண்டும். நாறும்பூநாதன் என்றால் தென்காசியில் தெரியும். இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன். ஒரு சொல் காகிதத்தில் ஏறிவிட்டால் மூன்று தலைமுறைக்கு இறங்காது.

அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

என்னிடம் இருபத்து மூன்று பந்தயக் கார்கள் இருக்கின்றன. ஏட்டையா சிரிக்க வேண்டாம். எல்லாம் அசலில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. கொழும்பில் கடை வைத்திருக்கிற ஹபீபுல்லா ராவுத்தர் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு கொண்டுவருவார். 1927ஆம் வருஷத்துப் புகாட்டி, நீலம். 1929 பென்ட்லி, கரும்பச்சை. முன்மூடியைக் கட்டுகிற தோல் வார் கூட உண்டு, எறும்புக்கு அரைஞாண் கட்டின மாதிரி. பந்தயம் எதையும் நான் பார்த்ததில்லை. கார் ஓட்டவும் தெரியாது. திருநெல்வேலி பஸ்ஸில் பாவூர்சத்திரம் தாண்டுவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடும். ஆனாலும் பென்ட்லியைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்கும்போது, உலகத்தில் ஒரு சாமானாவது சரியான அளவில் இருக்கிறதே என்று நிம்மதி வரும். மற்றதெல்லாம் அளவு தப்பியவை. பேரருவியை அந்தக் கணக்கில் குறைத்தால் ஆள் உயரம்தான். என் மைத்துனரைக் குறைத்தால் கட்டைவிரல் உயரம் வரமாட்டார்.

அவர் மேலகரத்தில் இரண்டு லாரி வைத்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், பெரிய மனசு. அவர் போனதற்கு ஊரே அழுதது, நானும் அழுதேன். வீட்டுக்கு வந்தால் என் கண்ணாடி அலமாரி முன்னால் நின்று, "என்ன மாப்ளே, பொம்மையெல்லாம் சொகமா இருக்கா?" என்பார்.

"பொம்மை இல்ல அத்தான், மாதிரி" என்று திருத்துவேன்.

"சரிவே. மாதிரிப் பொம்மை."

பதினோரு வருஷம் இப்படித் திருத்தினேன். பொறுமை இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

இந்த வருஷம் ஆயுத பூசையன்று ஒரு பாகப்பிரிவினை பேசக் கீழப்பாவூர் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தால் அலமாரி திறந்து கிடக்கிறது. இருபத்து மூன்று காரும் மனைப்பலகையில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், தும்பைப்பூ மாலை. தொண்ணூற்றிரண்டு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழத் துண்டு. மைத்துனர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சூடம் காட்டுகிறார். என் மனைவி சொக்கம்மாள் மணியடிக்கிறாள்.

"வாரும் மாப்ளே, நல்ல நேரத்துக்கு வந்தீரு" என்றார் அவர். "இத்தனை வருசமா வண்டியளப் பூசை போடாம வச்சிருக்கீரே, வெளங்குமா? என் லாரிக்கு முடிச்சிட்டு நேரே இங்கன வாரேன்."

"பழம் நசுங்கலையே அண்ணே" என்றாள் சொக்கம்மாள்.

"எடை பத்தாதுட்டி. இரு" என்று ஒவ்வொரு காரையும் உள்ளங்கையால் அழுத்தினார். நெல் மூட்டை தூக்கிப் பழகிய கை.

சந்தனம் துடைத்தால் போய்விடும். எலுமிச்சம்பழச் சாறு அப்படியில்லை, இராத்திரி பூரா வண்ணத்தைத் தின்னும். மறுநாள் பார்க்கும்போது புகாட்டியின் பக்கவாட்டில் ஏழாம் எண் இருந்த இடத்தில் வெறும் தகரம். அதைப் பார்த்து மைத்துனர் பதறிப்போனார். "அய்யய்ய, எம்மேல தப்பு மாப்ளே. நான் சரி பண்ணித் தாரேன்" என்று பென்ட்லியை மேல்துண்டில் முடிந்துகொண்டு போனார்.

பத்து நாள் கழித்துப் பென்ட்லி வந்தது. லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற ஆளை வைத்து அடித்திருந்தார். இலைப்பச்சை. நெற்றியில் மஞ்சள் எழுத்தில் முப்பிடாதி அம்மன் துணை. பின்னால் சவுண்ட் ஹார்ன். அடியில் கறுப்புக் கயிற்றில் ஒரு காந்தாரி மிளகாய் தொங்கியது.

"பெயிண்டர் ஒரு நாள் பூரா உக்காந்து எழுதினான்" என்றார் மைத்துனர். கண்ணில் அப்படி ஒரு பெருமை. "மிச்சம் இருவத்திரண்டையும் தீவாளி கழிச்சுக் கொண்டுபோறேன். நீரு ஒண்ணும் பேசப்பிடாது."

யோசித்துப் பாருங்கள் ஐயா. ஒரு பக்கம் இருபத்திரண்டு கார். இன்னொரு பக்கம் ஒரே ஆள். நியாயம் எந்தப் பக்கம் என்று சிறுபிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மைத்துனர் விஷயத்தில் முடிவுக்கு வர எனக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம் போதுமாயிருந்தது. எந்தக் காரைக் கொண்டுபோவது என்பதற்குத்தான் மூன்று நாள் ஆயிற்று. கடைசியில் பென்ட்லி என்று முடிவு செய்தேன். அது ஏற்கெனவே செத்துப்போயிருந்தது.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. மலையடிவாரத்துப் பேரருவியில் உங்கள் ஆட்கள் விசிலோடு நிற்பார்கள். செண்பகாதேவிக்கு மேலேறி யாரும் வருவதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் அத்தான் என்றதும் குழந்தை மாதிரி கிளம்பிவிட்டார். அவர் எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, நான் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் நடுப்பாறையில் பென்ட்லியை வைத்துவிட்டு வந்தேன். பெயிண்ட் வாசம் போக வெயில் காட்டுகிறேன் என்று சொன்னேன். அவரும் நம்பினார். மலை உச்சியில் மட்டும் மேகம் கருத்திருந்தது.

முதலில் சருகு வந்தது. அப்புறம் மண் வாசம். அப்புறம் தண்ணீர் காப்பி நிறமாயிற்று. மேலே வெள்ளம் கிளம்பிவிட்டது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைத்துனரும் அருவியை விட்டுக் கரையேறிவிட்டார். அப்போதுதான் பாறையைப் பார்த்தார்.

"மாப்ளே, வண்டி அங்கன நிக்குதே."

"வேண்டாம் அத்தான். போகட்டும், பொம்மைதானே" என்றேன். அருவிச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னவே இப்படிச் சொல்லுதீரு? பூசை போட்ட வண்டிவே அது" என்று இறங்கினார்.

இறங்குவார் என்று எனக்குத் தெரியும். பூசை போட்ட வண்டியை விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவர். பாறையில் ஏறி, பென்ட்லியை எடுத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தார். நான் கரையிலிருந்து கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை அவருக்கு நேரே வைத்து அளந்து பார்த்தேன். சரியான அளவில் இருந்தார். பென்ட்லிக்கு ஓட்டுநர் இல்லையே என்று எனக்கு வெகுநாளாக ஒரு குறை உண்டு. பிறகு வெள்ளம் வந்துவிட்டது.

மறுநாள் பேரருவிக்குக் கீழே உடலை எடுத்தார்கள். கை மூடியிருந்தது. விரல்களைப் பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. பென்ட்லியின் கண்ணாடி கூட உடையவில்லை. பச்சையை வெள்ளம் வழித்துக்கொண்டு போயிருந்தது. சவுண்ட் ஹார்ன் என்ற எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. சொக்கம்மாள் பென்ட்லியை அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்து, தினமும் சந்தனம் குங்குமம் வைக்கிறாள். அதைப் பற்றி நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. அதற்குள் இங்கே வரவேண்டியதாகிவிட்டது.

பேப்பரில் பக்கம் பக்கமாகச் சீனச் சண்டை. ஆறாம் பக்கத்து மூலையில் நாலு வரி: 'பொம்மைக் காரை எடுக்க இறங்கியவர் பலி.' நாலு வரியில் அந்தச் சொல் இரண்டு தரம். கேட்டால், ஸ்டேஷன் ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். காலையில் ஏட்டையாவிடம் கேட்டேன். அவர் காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

"அண்ணாச்சி, இது ஒம்ம நல்லதுக்குல்லா" என்றார். "வெறகு பொறுக்கப் போன அய்யாக்குட்டி சாட்சி சொல்லியிருக்கான். 'வேண்டாம் அத்தான், பொம்மைதானே'ன்னு நீரு தடுத்துக் கத்துனத அவன் காதால கேட்டிருக்கான். அந்த வார்த்தை இருக்கப்போய்த்தான் ஒம்ம மேல ஒருத்தரும் வெரல் நீட்டல. அதப்போயி அடிக்கச் சொல்லுதீரே."

அய்யாக்குட்டி பொய் சொல்லவில்லை ஐயா. சொன்னேன். அவரைத் தண்ணீரில் இறக்குவதற்காகச் சொன்னேன். ஆகவே அது உபாயம், விவரம் ஆகாது. உபாயத்துக்குச் சொன்னதைச் சொத்து விவரத்தில் சேர்க்கக் கூடாது என்பது எந்தப் பத்திர எழுத்தருக்கும் தெரியும். சொல்லை எடுக்க வேண்டுமானால் அது ஏன் சொல்லப்பட்டது என்று நான் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டேன்.

மேற்படி 'பொம்மை' என்பதை இரண்டு இடத்திலும் அடித்து, '1929ஆம் வருஷத்துப் பந்தயக் கார், நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். கொலை என்று எழுத வேண்டிய இடத்தில் கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். தூக்கோ ஆயுளோ, அது உங்கள் இலாகா. நான் குறுக்கிட மாட்டேன். ஆனால் மேலகரத்தில் அவ்வளவு பெரிய மனுஷன் பொம்மைக்காகச் செத்தான் என்று நாளைக்கு நாலு பேர் சிரிக்கக் கூடாது. என் பெண்டாட்டியின் அண்ணன் ஐயா. அவர் மானத்தை நான் காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்கள்?