கிரீன்வுட் தெருவில் வாங்கிய வீக்கம்

– நெற்றியில என்ன புடைச்சுக்கொண்டு நிக்குது? அமெரிக்காவில ஆரோடயும் அடிபட்டனீங்களே?

– ஒண்டுமில்ல ரத்னா. முதல்ல காரை எடு, ஏயார்போட்டில நிண்டு கதைக்காத.

– எடுத்திட்டன். சொல்லுங்கோ.

– டல்சாவில விளக்குக் கம்பத்தோட முட்டிட்டன்.

– தங்கச்சியைப் பாக்கப் போன மனுசனுக்குக் கம்பம் தெரியேல்லையோ?

– குனிஞ்சு நடந்தனான். கிரீன்வுட் எண்டு ஒரு தெரு. கறுப்பின ஆக்கள் தங்கட பாட்டில கடை, ஹோட்டல், தியேட்டர் எண்டு கட்டியெழுப்பின இடம். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொண்டில வெள்ளைக்காரர் திரண்டு வந்து எரிச்சுப்போட்டாங்கள்.

– ஐயோ.

– கடை இருந்த இடமெல்லாம் நடைபாதையில தகடு பதிச்சிருக்கு. கடையின்ர பேர், கீழ ‘அழிக்கப்பட்டது’. அதுக்கும் கீழ ‘மீண்டும் திறந்தது’. சிலதில ‘மீண்டும் திறக்கவில்லை’.

– எல்லாத்தையும் வாசிச்சனீங்களோ?

– ஓம். நூற்றுக்கு மேல. ரெண்டு நாள் எடுத்தது.

– நான் சொல்லிவிட்ட கைப்பை?

– கடைக்குப் போக நேரம் கிடைக்கேல்ல.

– நூறு கடை வாசல்ல நிண்டிருக்கிறியள், ஒரு கைப்பை வாங்கேல்ல!

– பகிடி விடாத. ஒரு சாப்பாட்டுக்கடைத் தகட்டில ‘மீண்டும் திறக்கவில்லை’ எண்டு கிடந்தது. அப்பான்ர கடை ஞாபகம் வந்திட்டுது.

– வெள்ளவத்தைக் கடையோ?

– ஓம். ‘இராசநாயகம் அன்ட் சன்’. எண்பத்திமூண்டுக் கலவரத்தில சிங்களக் காடையர் அதை எரிக்கேக்க அந்த சன்னுக்கு எட்டு வயசு. அந்தத் தகட்டுக்குப் பக்கத்திலயே குந்தியிருந்து அழுதிட்டன். ஒரு கறுப்பின அம்மா வந்து, “இது உங்கட குடும்பத்துக் கடையோ?” எண்டு கேட்டா.

– நீங்கள் என்ன சொன்னியள்?

– ஓம் எண்டிட்டன்.

– அட கடவுளே!

– கட்டிப்பிடிச்சு, தண்ணிப் போத்திலும் தந்தா. கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பி நடக்கேக்கதான் கம்பம்.

– பாவம் அந்த மனுசி.

– ரத்னா, நாங்களும் திறப்பம். இஞ்ச சண்ட்ரிங்ஹமில ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை.

– அப்ப ஈஸ்ட் டாமாக்கியில நீங்கள் செய்யிற வேலையை ஆர் பாக்கிறது?

– அது… தங்கச்சி வீட்டில இருந்தே ஈமெயில் போட்டு விட்டிட்டன்.

– என்னத்தை விட்டனீங்கள்?

– வேலையை. ரத்னா? ஏன் காரை ஓரங்கட்டுறாய்? கோபமோ?

– கோபமில்ல. இனி உங்கட ஒரு சம்பளமே எங்களுக்குக் காணும் எண்டு நம்பி, முந்தநாள் நானும் என்ர வேலையை விட்டிட்டன்.