துரை கொடுத்த ஜாடி

தங்கப் பூச்சுள்ள பீங்கானைப் புளி போட்டுத் துலக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலிருக்கும் பிரெஞ்சு ஜாடியை அப்படித்தான் காப்பாற்றி வருகிறோம். வயிற்றில் ரோஜாக்கொத்தும் ஊஞ்சலாடும் வெள்ளைக்காரப் பெண்ணும், வாயைச் சுற்றித் தங்கக்கோடும். அதைக் கவிழ்க்கக் கூடாது என்பது வீட்டு விதி.

பாண்டிச்சேரித் துரை ஒருவர் என் கொள்ளுத்தாத்தாவின் நேர்மையை மெச்சிக் கொடுத்த பரிசு அது. எங்கள் வீட்டு நிச்சயதார்த்தம் எதுவானாலும் ஜாடியைச் சபையில் வைத்து, மூத்தவர் அந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் தாம்பூலம் மாற்றுவோம். பேத்தி பவானிக்குக் கடலூரில் நிச்சயம். சொல்ல வேண்டியவன் நான்.

முதல் நாள் பகலில் பெண்கள் பூ வாங்கப் போயிருந்தார்கள். காரில் கொண்டுபோவதற்காக ஜாடிக்குள் துணி திணித்துக்கொண்டிருந்தான், என் மனைவியின் தம்பி உத்திராபதி. நெல்லிக்குப்பத்துக்காரன். எதற்கும் சிரிப்பான்; சிரித்தால் மூச்சிரைக்கும். அவன் ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தான்.

“இன்னா மாமா, அடியில ஏலக்கடை சீட்டு ஒட்டியிருக்கு! அம்பத்தஞ்சாம் வருசம்னு போட்டிருக்கு. உங்க கொள்ளுத்தாத்தா செத்தப்புறம் எழுந்து வந்து ஏலம் கேட்டாரா?”

“வேலையப் பாரு மச்சான்” என்றேன்.

“நாளைக்கிக் கதைய நான் சொல்றேன் மாமா. சம்பந்தி ஊட்டுக்காரங்களும் கொஞ்சம் சிரிச்சிட்டுப் போவட்டும்.”

சொல்லிச் சிரித்தான். இருமல் வந்தது, பிறகு இரைப்பு. அவனுடைய இன்ஹேலர் மேசைமேல் இருந்தது. அவன் குனிந்து இருமிக்கொண்டிருந்தபோது அதை எடுத்து ஜாடிக்குள் போட்டேன். சத்தமே வரவில்லை. துணியை நன்றாகத்தான் திணித்திருந்தான்.

மேசைக்கடியில் தவழ்ந்து தேடினான். அறுபத்தெட்டு வயது ஆளுக்கு அது அழகில்லை. “எழுந்து உக்காரு மச்சான்” என்று இரண்டு முறை சொன்னேன். போன் என் பக்கத்தில்தான் இருந்தது. அரைமணி கழித்து, அவன் எழுந்து உட்கார வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

சாவு விழுந்தால் நிச்சயம் நின்றுவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. என் தவறு அது ஒன்றுதான்.

இன்ஹேலரை எடுக்க உங்கள் ஆட்கள் ஜாடியைக் கவிழ்க்க வேண்டியிருக்கும். கழுத்தைப் பிடிக்கக் கூடாது. அடியில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை. அந்தப் பிடி எனக்குப் பழக்கம். எட்டு வயதில், ஏலம் முடிந்து அப்பாவோடு பஸ்ஸில் திரும்பியபோது, பாண்டிச்சேரியிலிருந்து அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான்.

வாக்குமூலத்தில் ஒரு திருத்தம். ‘பழைய பீங்கான் ஜாடி’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘துரை கொடுத்த பரிசு’ என்று மாற்றுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.